தட்டாமல் இருக்க முடியாதவர்

மனிதர்களில் தட்டுகிறவர் என்றொரு ரகம் உண்டு. கதவைத் தட்டுகிறவரைச் சொல்லவில்லை. அவர் கதவு திறந்ததும் நிறுத்திவிடுவார். நான் சொல்கிறவர் நிறுத்தவே மாட்டார். மேசை, பேருந்துக் கம்பி, பாத்திர மூடி, தன் தொடை, இடம் கொடுத்தால் உங்கள் தொடை என்று கைக்கு எட்டியதெல்லாம் அவருக்கு வாத்தியம். சங்கீதம் கற்றவரா? இல்லை. பாடுவாரா? அந்த மட்டில் நாம் பிழைத்தோம். துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் அதிரும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்மூடி நிற்பார். மின்விசிறி கிறீச்சிட்டால் எண்ணெய் விடமாட்டார். "நல்லாத்தானே போயிட்டிருக்கு" என்பார்.

எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த ரகத்தில் முதல் தரம். தகதிமி என்ற பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் கடைக்கு வழி சொல்வார்கள். கண்ணைப் பரிசோதிக்கும்போது அவர் விரல்கள் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும்; எதிரே உட்கார்ந்தவர் சுவரிலுள்ள எழுத்துகளை அந்தத் தாளத்துக்கே படிப்பார்; தெரியாத எழுத்தைக்கூடத் தாளம் இழுக்கிற இழுப்பில் சொல்லிவிடுவார். அப்படித் தப்பான கண்ணாடி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

அவருக்கு வாய்த்த மனைவி யார் தெரியுமா? நூலகர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து பழகிய அம்மாள். சாப்பாட்டு மேசையில் தகதிமி ஆரம்பித்ததும், "கை" என்பார். கை மடிக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மேசைக்கடியில் வேறொன்று ஆரம்பிக்கும். "கால்" என்பார் அம்மாள். இப்படியே குடித்தனம் நடந்தது.

ஒருநாள் நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகத்துக்காக ஏணியில் ஏறிய அம்மாள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு கூடியது, தைரியம் கூடவில்லை. நடைப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஊன்றி நடக்கக் கொடுத்த இரும்புச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்பதோடு சரி, அம்மாளின் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

"ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதாங்க்கா."

"நான் என்ன ஒண்ணாங்கிளாசா?" என்று எரிந்து விழுவார் அம்மாள். பிறகு, "அடுத்த கால எங்க வைக்கிறதுன்னே மறந்துபோச்சும்மா" என்று அழுவார்.

தகதிமியோ கைகளை அக்குளில் செருகிக்கொண்டு அறை மூலையில் நிற்பார். விபத்து நடந்த நாளிலிருந்து அவர் எதையும் தட்டவில்லை. அம்மாள் ஆயுள் முழுக்கக் கேட்ட அமைதி வீட்டுக்கு வந்துவிட்டது. வந்தபின் அது அம்மாளுக்கே பிடிக்கவில்லை.

ஒரு காலையில் வழக்கம்போல் அழுகை ஆரம்பித்தபோது, பக்கத்திலிருந்த இரும்பு அலமாரியில் தகதிமியின் விரல்கள் தாமாகவே இறங்கின. இதோ, "கை" என்று வரப்போகிறது என்று நடுங்கினார். வரவில்லை. அம்மாளின் வலது கால் நகர்ந்தது. பின்னாலேயே இடது கால். சட்டம் ஜன்னலை நோக்கிப் புறப்பட்டது. தகதிமிக்கு நம்ப முடியவில்லை. வாயைப் பிளந்து கையை நிறுத்தினார். அம்மாளும் நின்றுவிட்டார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"நீதானே எப்பவும்..."

"தட்டுங்க."

காது பிடித்த தாளத்தைக் கால் பிடித்துக்கொள்வது உண்டுதான் என்று பயிற்சிப் பெண் விளக்கினாள். கேட்கத் தகதிமிக்கு ஏது நேரம்? கல்யாணமான நாளாய்க் கிடைக்காத உத்தரவு கிடைத்திருக்கிறது. அலமாரி அதிர்ந்தது. கண்ணீரைத் துடைக்க ஒரு கை தேவைப்பட்டது. மற்றது வேலையைப் பார்த்தது. சும்மா இருப்பாரா? நாலாம் நாள் மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியைத் தட்டும்போது நடுவில் ஒரு குலுக்கலைச் செருகினார். அம்மாளின் கால் தடுமாறியது.

"வித்தையெல்லாம் கடையில வச்சுக்குங்க. இங்க நேராத் தட்டுங்க."

இப்போது அம்மாள் தனியாகவே நடந்து வேலைக்குப் போகிறார். சென்ற வாரம் புத்தகம் எடுக்கப் போயிருந்தேன். அந்த அமைதியான கூடத்தில் யாரோ, "ஷ்" என்றார்கள். யாரையென்று பார்த்தால், அம்மாளை. தேதி முத்திரையைக் குத்திக் குத்தி ஒரு கச்சேரியே நடத்திக்கொண்டிருந்தார்.

"நானா?" என்றார் நிஜமான வியப்போடு.

பாருங்கள், இந்த ரகத்தில் எவருக்கும் தாம் இந்த ரகம் என்று தெரியாது. உங்களுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது என்று அடித்துச் சொல்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அடிப்பதை ஏன் இவ்வளவு சீராக அடிக்கிறீர்கள்?