ஒன்பதாம் நம்பர் சட்டைக்குப் பதினேழு சால்வை

உலகக் கால்பந்து வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒலெக் ஸ்விரிதோவ் பாலக்கோட்டுக்கு வருவதற்கு முன்; வந்ததற்குப் பின்.

முன்பகுதி சின்னது. ரஷ்யாவில் பதினொரு வருடம், எட்டு கிளப், பத்தொன்பது கோல். பனியில் ஓடி முழங்கால் தேய்ந்த அந்த முப்பத்து நாலு வயது முன்கள வீரரை, ஏதோ ஒரு ஏஜென்ட் மூலம் பிடித்துவந்தவர் மின்னல் கால்பந்துக் கழகத் தலைவர் குப்புராஜ். தக்காளி மண்டிக்காரர். சரக்கைப் பார்த்ததுமே தரம் சொல்பவர்.

பின்பகுதிதான் பொற்காலம். இரண்டே மாதத்தில் ஒலெக் மூன்று செல்போன் கடைகளைத் திறந்தார். ஒரு காதுகுத்துக்குச் 'சிறப்பு விருந்தினர்' ஆனார். கோலப்போட்டிக்கு 'நீதிபதி' ஆனார். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் வரை ஃப்ளெக்ஸில் பந்து உதைத்தார். நிஜப் பந்தை உதைக்கத்தான் அவருக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. பயிற்சியில் ஓரமாய் நின்று, கழகத்தின் இளம் முன்கள வீரன் அப்சலின் ஆட்டத்தைப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி.

அந்த அப்சல்தான் பயிற்சியாளர் நவநீதனுக்கு உறுத்தல். சீசனில் கழகம் அடித்த பதினாறு கோலில் பதிமூன்று அவனுடையது. மாவட்ட இறுதிப்போட்டிக்கு, அவனைப் பார்க்கவென்றே சென்னையிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். பிடித்துவிட்டால் சென்னை அணியில் இடம், கூடவே வேலை.

"அப்சல் பெஞ்சுல இருக்கட்டுங்க. ஒன்பதாம் நம்பர் வெள்ளைக்காரருக்கு," என்றார் குப்புராஜ்.

"தலைவரே, அவனப் பாக்கத்தானுங்களே ஆள் வர்றாரு?"

"அவன் நம்ம பையன், கோவிச்சுக்க மாட்டான். இவரு கோவிச்சுக்கிட்டா ரெண்டு நாட்டு உறவு என்னாகறது?"

சர்வதேச நெருக்கடியைத் தவிர்க்க நவநீதன் தலையாட்டினார்.

இறுதிநாள். ஆட்டத்துக்கு முன் மரியாதை. ஒலெக்குக்குப் போர்த்தப் பதினேழு பேர் சால்வையோடு வரிசையில். ஒருத்தரை விட்டால் மறுநாளே அவர் போட்டிக் கழகம் ஆரம்பித்துவிடுவார். ஏழாவது சால்வையில் நடுவர் பொறுமை இழந்தார்.

"ஒன்பதாம் நம்பர் எங்கய்யா?"

"மேடையில இருக்காருங்க சார். மரியாதை முடிஞ்சதும் எறங்கிடுவாரு. நீங்க ஊதுங்க!" என்றார் குப்புராஜ் மைக்கில்.

ஊதினார். மின்னல் கழகம் பத்துப் பேரோடு ஆடியது. ஒலெக் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் "உக்காருங்க சார், வெயிலு" என்று தோளை அழுத்தி, மேலும் ஒரு சால்வை.

இடைவேளையில் பூஜ்யம்-இரண்டு. நவநீதன் மாற்று ஆட்டக்காரர் சீட்டை எழுதினார்: 9 வெளியே, 14 உள்ளே. அப்சல் ஷூ லேஸை இறுக்கினான்.

"அண்ணா, எறங்கட்டுங்களா? அந்த சென்னைக்காரரு வாட்ச்சப் பாக்கறாருங்ணா."

"இருடா. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றேன்."

குப்புராஜ் மைக்கைப் பொத்திக்கொண்டு சீறினார்: "பந்தியில உக்காந்தவரு முன்னால இருந்து எலையை உருவுவீங்களா? நாளைக்குப் பேப்பர்ல என்னன்னு போடுவான்?"

சீட்டு சட்டைப்பைக்குத் திரும்பியது. எழுபதாவது நிமிடத்தில், நாலாவது கோல் விழுந்ததும், தேர்வாளரின் கார் கிளம்பியது. அப்சல் லேஸை அவிழ்த்தான்.

ஆட்டம் முடிந்ததும், கழகம் வழங்கும் 'சிறந்த முன்கள வீரர்' விருது. கேடயத்தில் பெயர் போன வாரமே பொறித்தாகிவிட்டது. பந்தையே தொடாத ஒலெக் அதை வாங்கிக் கீழே வைத்தார். செல்போனில் ரஷ்ய மொழியில் ஏதோ பேசி, அதை மைக்கருகே நீட்டினார். போனுக்குள்ளிருந்த பெண்குரல் சுத்தத் தமிழில் மொழிபெயர்த்தது:

"எட்டு கிளப்புகளிலும் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைவிட நன்றாக ஆடுபவன் களத்தில் இருந்தான். அது நியாயம். இங்கே அப்படிப்பட்டவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, என்னைத் துணியால் மூடினீர்கள். எங்கள் ஊரில் பிணத்தைத்தான் இப்படி மூடுவார்கள்."

"வெள்ளைக்காரர் தமிழ்லயே பேசிட்டாருய்யா!" என்று யாரோ கத்த, மைதானமே கைதட்டலில் அதிர்ந்தது. குப்புராஜ் கண்கலங்கினார். எதற்கும் இருக்கட்டுமென்று வாங்கிவைத்திருந்த பதினெட்டாவது சால்வையை அந்தச் செல்போனுக்குப் போர்த்தினார்.

சொன்னது புரிந்த ஒரே ஆள் நவநீதன். சட்டைப்பையில் சீட்டு கசங்க, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவரும் அவர்தான்.