பாதி வரைபடம்

வரைபடத்தில் ரயில் நிலையத்தைக் காணவில்லை. ஸ்டோர்கீப்பர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார். இல்லவே இல்லை.

"காலையில அங்கதானே இறங்கினோம்? எப்படிங்க காணாமப் போகும்?" என்றாள் மனைவி.

"அது ரெண்டாவது தாள்ல இருக்கு."

"அத எடுங்களேன்."

"ஜெராக்ஸ் எடுக்கல. ஒரு ஊரப் பாக்க ரெண்டு தாளா? அநியாயம்!"

ஆபீசில், தீர்ந்துபோன ரீஃபிலைக் காட்டினால்தான் புது ரீஃபில் தருகிறவர் அவர். இந்தக் கால்வாய் நகரத்துக்கு வந்து கண்டபடி செலவழித்துத் திரும்பிய சக ஊழியர்களை வாயில் போட்டு மென்றுவிட்டு, "போக்குவரத்து தவிர நயா பைசா செலவில்லாம நான் பாத்துட்டு வரேன்" என்று சவால் விட்டுக் கிளம்பியிருந்தார். ரொட்டி, தண்ணீர் எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. மனைவி ஆசையாகப் படகைக் காட்டியபோது, "கரையில நின்னாலும் அதே தண்ணிதான்" என்றுவிட்டார்.

திரும்புகிற டிக்கெட் மலிவு ரகம். சாயங்கால ரயில் ஒன்றுக்குத்தான் செல்லும். அதை விட்டால் இந்த ஊரில் அறை எடுக்க வேண்டும்.

"யாரையாவது வழி கேளுங்களேன்."

"சொல்லிட்டுக் கைய நீட்டுவான்."

"அப்ப அந்த மஞ்சச் சுவர் பக்கம் திரும்பிப் பாப்போமே."

"ஆமா, நீ பெரிய ஊர்சுத்தி! மாசாமாசம் மூட்டுவலிக்காரத் தங்கச்சி வீட்டுக்குப் போறத விட்டா நீ எந்த ஊரப் பாத்திருக்க?"

அந்த மாதாந்திரப் பயணத்தை அவர் தடுத்ததே இல்லை. பஸ் காசு தங்கையுடையது. வீட்டில் ஒரு ஆள் சாப்பாடு மிச்சம்.

அப்போது கொடி பிடித்த வழிகாட்டி ஒருத்தியின் பின்னால் சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்தது. ஸ்டோர்கீப்பரின் முகம் மலர்ந்தது.

"ஸ்டேஷனுக்குத்தான் போறாங்க. காசு கொடுத்தவ மாதிரி நட!"

கூட்டம் நேராகக் கண்ணாடிச் சாமான் கடைக்குள் நுழைந்தது. வழிகாட்டி தலைகளை எண்ணத் தொடங்கினாள். ஸ்டோர்கீப்பர் சட்டென்று குனிந்து பின்வாசலுக்கு நழுவினார். முதுகிலிருந்த ரொட்டிப் பை அலமாரியில் இடித்தது. ஒரு கண்ணாடிக் குதிரையின் வால் தெறித்து விழுந்தது.

"வால்தானேம்மா போச்சு? வாலுக்கு மட்டும் காசு வாங்கிக்க" என்று கெஞ்சினார். கடைக்காரி முழுக் குதிரைக்கும் வாங்கிக்கொண்டாள்.

வாலில்லாக் குதிரையோடு தெருவுக்கு வந்தவர், சக்கரப் பெட்டியை இழுத்துப் போன ஒருவரைக் கண்டார்.

"பெட்டியோட போறவன் எங்க போவான்? ரயிலுக்குத்தான். வா!"

நாலைந்து பாலங்கள் ஏறி இறங்கிய பிறகு, பெட்டிக்காரர் ஒரு வாசலில் நின்றார், பூட்டைத் திறந்தார், தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்டோர்கீப்பர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலும் கொப்பளித்திருந்தன. மனைவியோ நடக்கத் தோதான துணிக்காலணியில் சுகமாக நின்றாள். அதற்கும் காலையில் அவர், "மலையேறவா போற?" என்று கேட்டிருந்தார்.

"இப்பவாவது அந்த மஞ்சச் சுவர்..."

"எங்கயாவது போய்த் தொல!"

அவள் முன்னால் நடந்தாள். சந்துகளில் எங்கும் தயங்கவில்லை. மஞ்சள் சுவரைத் தாண்டியதும் படகுத்துறை. எதிர்க்கரையில் ரயில் நிலையம். அதன் கடிகாரம் முறைத்தது. பாலம் சுற்றிப் போக நேரமில்லை.

ஸ்டோர்கீப்பர் குதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகுக்காரனிடம் போனார்.

"தம்பி, நாங்க ஊருக்குப் புதுசு. ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்னா ஏறுறோம்."

படகுக்காரன் அவரைப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினான்.

"வாங்கக்கா, வாங்க! என்ன, இந்த மாசம் தங்கச்சிய விட்டுட்டு யாரோ பெரியவரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"