ஐந்தாம் ஏடு

விடிவெள்ளி நாட்டின் முதல் அரசர் இறந்து, குகையில் வைக்கப்பட்டு, மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். அதைச் சொல்லும் ஏடுகள் நான்கு. அவற்றைக் காக்கும் குடும்பங்களும் நான்கு. விடியலில் குகைக்குப் போய் அதை முதலில் அறிந்தவர்கள் பெண்கள் என்பதில் நான்கு ஏடுகளும் ஒன்று. எத்தனை பெண்கள் என்பதில்தான் வேறுபாடு. ஒன்றில் ஒருத்தி, ஒன்றில் இருவர், ஒன்றில் மூவர், ஒன்றில் ஒரு கூட்டமே.

ஆண்டுதோறும் அந்த விடியலில் கிழக்கு வாசலில் ஊர் கூடும். "கண்டது யார்?" என்று மக்கள் கேட்பார்கள். "நான் கண்டேன்" என்று ஒரு பெண் அந்நாளைய பெண்களின் சார்பில் பதில் சொல்வாள். அதன் பிறகே, அரசர் பெயரால் நாட்டை ஆளும் அவையினரின் பதவி இன்னோர் ஆண்டுக்கு நீளும். இம்முறை அந்தப் பொறுப்பு, மூன்றாம் ஏட்டைக் காக்கும் அரியநாதரின் மகள் சேந்திக்கு வந்தது.

ஒரு பெண் பதில் சொல்லும் இந்த வழக்கம் அவைத் தலைவர் திருக்கண்டனைப் பல ஆண்டுகளாக உறுத்தி வந்தது. அவளை அழைத்து விசாரித்தார்.

"ஒருத்தியா, மூணு பேரா? இதுலயே குழப்பம் பண்ணினவங்க வாயில அரசுச் செய்தியை எப்படிம்மா கொடுக்கிறது?"

"ஏட்டை எழுதின நாலு பேரும் ஆம்பளைங்கதானுங்களே, ஐயா. எண்ணத் தெரியாம போனது யாருன்னு பாருங்க."

எண்ணிக்கை முடிவாகும்வரை பெண்கள் எந்தச் செய்தியும் அறிவிக்கக் கூடாது என்று அன்றே ஆணை பிறந்தது. எண்ணிக்கையில் மூன்று குடும்பங்கள் விட்டுக்கொடுத்திருந்தால் போதும், ஆணை நீங்கியிருக்கும். தந்தையாவது தொடங்கி வைக்கட்டும் என்று சேந்தி கேட்டாள்.

"நம்ம ஏட்டுல மூணு பேரு. அதை விட்டுக்கொடுத்துட்டு நீ வாசல்ல போய் நின்னா, குடும்ப மானம் என்னாகும்?" என்றார் அரியநாதர்.

மற்ற மூன்று வீடுகளிலும் மானம் இதே உறுதியோடு காக்கப்பட்டது.

அந்த மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைவதை இரண்டு பெண்கள் பார்த்தார்கள். சட்டப்படி, அதைச் சொல்ல ஓர் ஆணைத் தேடிப் போனார்கள். அவன் கிடைப்பதற்குள் கீழத்தெரு மூழ்கிவிட்டது. வெள்ளம் முன்னறிவிப்பின்றி வந்ததாக அவை பதிவு செய்தது. பெண் கண்டதை ஆணும் கண்டால்தான் அது நடந்ததாகக் கொள்ளப்படும் என்றது இரண்டாம் ஆணை. அதன்பின் ஆண்கள் நுழையாத பிரசவ அறைகளில் அழுகுரல் கேட்டது. பதிவேட்டின்படி நாட்டில் குழந்தைகள் பிறக்கவில்லை.

மூன்றாம் ஆணை ஐந்தாம் ஏட்டை உண்டாக்கியது. நான்கிலும் சொல் மாறாமல் இருக்கும் வரிகள் மட்டுமே அதில் சேர்ந்தன. எண்ணிக்கையோடு பெண்களும் ஏட்டைவிட்டுப் போனார்கள்.

ஊர் கூடும் விடியல் வந்தபோது திருக்கண்டனே கிழக்கு வாசலில் நின்றார்.

"கண்டது யார்?" என்று மக்கள் கேட்டார்கள்.

அவர் ஐந்தாம் ஏட்டைப் புரட்டினார். அரசர் எழுந்த விடியலைப் பற்றி அதில் ஒரே வரிதான் எஞ்சியிருந்தது. கம்பீரமாக வாசிக்கத் தொடங்கியவரால் நடுவில் நிறுத்த முடியவில்லை.

"அவ்வேளையில் ஆண்கள் அனைவரும் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு இருந்தார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் மெல்லச் சேந்தியின் பக்கம் திரும்பியது. அவசரமாக ஆலோசிக்க வேண்டும் என்று அவையினர் வாசல் மண்டபத்துக்குள் போனார்கள். அரியநாதரும் மற்ற மூன்று ஏட்டுக் குடும்பங்களின் தலைவர்களும் போனார்கள். உள்ளே தாழ் விழுந்தது.

வெளியே அதே கேள்வி மறுபடி எழுந்தது.

வெகுநேரம் கழித்து நான்கு கையெழுத்துகளுடன் ஓர் ஆணை கதவிடுக்கு வழியாக நீண்டது. அரசர் இவ்வாண்டு உயிர்த்தெழவில்லை. அவர் பெயரால் நடக்கும் ஆட்சி வழக்கம்போல் தொடரும் என்றிருந்தது அதில்.

அதை வாங்க வெளியே யாரும் இல்லை. சேந்தி பதில் சொல்லி முடித்து, ஊர் கலைந்து, பொழுது நன்றாக ஏறியிருந்தது.