மூன்று பீப்பாய்களும் ஒரு வெள்ளை வேட்டியும்

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் பூசாமல் விடமாட்டார்கள். தையல் மெஷினுக்கு மஞ்சள், சைக்கிளுக்கு மஞ்சள், ஒருமுறை நான் பொந்தியான் கடைத்தெருவில் வாங்கி வந்த குடையின் காம்புக்குக்கூட அம்மா மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். (முதல் மழையிலேயே அது கரைந்து என் ஒரே நல்ல சட்டையைப் பதம் பார்த்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.)

இது ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய கதை. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, நான், தங்கை கமலம் மூன்று பேர்தான். மலாய் நாட்டுப் பொந்தியானில் கடலுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு. ஓலை வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கஷாய நிறத்தில் வரும், கூடவே இரண்டு பூச்சியும் வரும். ஆகவே எல்லாவற்றுக்கும் கிணறுதான் கதி. அந்தக் கிணற்றை வெட்டியபோது மண்ணைவிடச் சிப்பி அதிகமாக வந்ததாம். அந்தச் சிப்பியெல்லாம் ஊறிய தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம், குளித்தோம், சமைத்தோம்.

பார்வைக்கு அது நல்ல தண்ணீர்தான். பழகினால்தான் அதன் குணம் தெரியும். சவுக்காரத்தைத் தேய்த்தால் நுரை வராது, தயிர் திரிந்த மாதிரி ஏதோ மிதக்கும். கெண்டியின் உள்ளே வெள்ளையாக ஒரு சுவர் எழும்பும். தலைமுடி தேங்காய் நார் ஆகிவிடும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பருப்பு வேகாது. காலையில் ஏற்றிய பருப்பு மத்தியானம் வரை கொதித்தாலும், போட்டது போட்டபடி, முழித்துப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

இந்தப் பருப்புதான் கமலத்தின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. பத்து பகாட் என்ற ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் சாம்பாரைக் கடக்கடக்கென்று கடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுவாரம் ஆள் மூலம் பதில் வந்தது. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. பருப்பு வேக வைக்கத் தெரியாத பொண்ணை வச்சிக்கிட்டு என்ன பண்றது?" அடுத்து மூவாரிலிருந்து ஒரு குடும்பம். அதே சாம்பார், அதே பதில். அந்தக் கடலோரத்தில் தமிழ்க் குடும்பங்கள் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால், எங்கள் வீட்டுப் பருப்பின் புகழ் பஸ்ஸைவிட வேகமாகப் பரவியது. கமலம் அழவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து பருப்புச் சட்டியைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் அப்போது அன்னாசிப் பழம் டின்னில் அடைக்கும் ஃபேக்டரி ஒன்றில் பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். (வெளியே கேட்டால் 'இஞ்சின் டிபார்ட்மெண்ட்' என்பேன்.) அங்கேயும் இதே சிப்பித் தண்ணீர்தான். ஆனால் பாய்லரின் வயிற்றில் வெள்ளைச் சுவர் எழும்பவில்லை. ஏன் என்று ஒரு நாள் கவனித்தேன். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் சீனர் ஆ செங், ஒரு தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்புப் பாலைக் கலக்கி அப்படியே விட்டுவிடுவார். சிறிது நேரத்தில் தொட்டியின் அடியில் மாவு மாதிரி ஒன்று படியும். மேலே தெளிந்ததை மட்டும் மணலில் வடித்து பாய்லருக்கு விடுவார்.

எனக்குத் தலை சுற்றியது. சுண்ணாம்பைப் போட்டால் தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பு வெளியே வருகிறது! திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்புகிற மாதிரி அல்லவா இருக்கிறது! அந்தத் தண்ணீரை ஒரு வாளி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டேன். நுரை முழங்கை வரை ஏறியது. கமலம் ஒரு பிடி பருப்பை அதில் ஏற்றினாள். அது வெந்தது. வெந்தது என்று சொன்னால் போதாது, கரண்டியைக் கண்டதும் கரைந்தது. நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் நின்று அந்தச் சட்டியைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாளி வாளியாகச் சுமப்பதில் என்ன பெருமை? வீடு முழுக்க அந்தத் தண்ணீர் ஓட வேண்டும் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் பாக்காவ் மரக்கம்பு நட்டுப் படிப்படியாக மேடை கட்டி, மூன்று பீப்பாய்களை ஏற்றினேன். கைப்பம்பு அடித்தால் கிணற்றுத் தண்ணீர் உச்சிப் பீப்பாய்க்கு ஏறும், அங்கே சுண்ணாம்பு. அதற்குக் கீழே மணலும் சிரட்டைக் கரியும் போட்ட பீப்பாய். கடைசிப் பீப்பாயில் தெளிந்த தண்ணீர் நிற்கும். அதிலிருந்து, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட பழைய பைப்புகளை இணைத்து அடுப்படிக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, வாசலில் கால் கழுவும் இடத்துக்கு ஒன்று என்று இழுத்தேன்.

சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்று கேட்டபோது ஆ செங் இரண்டு விரல் நுனியைச் சேர்த்துக் காட்டி, "சிக்கிட், சிக்கிட்" என்றார். கொஞ்சமாம். நல்ல பொருளைக் கொஞ்சமாகப் போடும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அள்ளிப் போட்டேன். தண்ணீரில் லேசாகச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. வெற்றிலை போடுகிற வீடு என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல்முறை அடுப்படிக் குழாயைத் திருகியபோது நடந்ததை இப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. உள்ளே ஏதோ இருமியது, செருமியது, பிறகு தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கியது. கிணறு எங்கேயோ இருக்க, தண்ணீர் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! அம்மா கையை நீட்டி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் வந்து பார்த்து "அலாமாக்!" என்று வியந்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துரை மாதிரி உலாத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் லாயாங் லாயாங்கிலிருந்து மூன்றாவது வரன் வந்தது. மாப்பிள்ளை தங்கவேலு, ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவருடைய அம்மா, தாய்மாமன், மாப்பிள்ளை மூவரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று தகவல். இதுவும் தட்டிப்போனால் இந்தப் பக்கத்தில் வேறு இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை கமலம் தண்ணீரைப் பிடித்துப் பருப்பை ஏற்றினாள். வெண்ணெயாக வெந்தது. அப்போது அம்மாவுக்குத் திடீரென்று ஒரு ஞாபகம்.

"ஏண்டா ராசு, இவ்ளோ பெரிய சாமானுக்கு நாம மஞ்ச வைக்கவே இல்லியேடா? நல்ல காரியம் நடக்கிற நாளு. கொஞ்சம் மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு வந்துரு."

தெளித்திருக்கலாம். தெளித்துவிட்டு இறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏணியில் ஏறும்போது என் இஞ்சின் டிபார்ட்மெண்ட் மூளை வேலை செய்தது. தெளித்தால் பீப்பாயின் வெளிப்பக்கத்துக்குத்தான் மங்கலம். கடைசிப் பீப்பாய்க்குள்ளேயே ஊற்றிவிட்டால்? ஒவ்வொரு குழாய்க்கும் போகும், வீடு முழுக்கப் போகும்! ஒரு குடம் நிறைய மஞ்சளைக் கரைத்துக் கொண்டுபோய், "பிள்ளையாரப்பா, தங்கச்சியைக் கரையேத்து" என்று ஊற்றினேன். ஊற்றும்போது வானத்தைப் பார்த்தேனே தவிர, பீப்பாயைப் பார்க்கவில்லை. அதற்குள் வாசலில் பேச்சுக்குரல். மூடியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

ரயில் ஏறி, பஸ் ஏறி, செம்மண் ரோட்டில் நடந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நெடுநெடுவென்று இருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. அவருடைய அம்மா, பருமனான சரீரம், யாரையும் நம்பாத கண்கள்.

"வாங்க, வாங்க. கிணத்தடிக்குப் போவ வேணாம்லா. இங்கயே பைப்பு இருக்கு. கால் கழுவிக்குங்க" என்று, நாடகத்தில் திரையை விலக்குபவனைப்போலக் குழாயைத் திருகினேன்.

மாப்பிள்ளையின் காலில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. செம்மண் கரைகிறது என்று நினைத்தேன். 'பாவம், நல்ல புழுதியில் நடந்திருக்கிறார்' என்று குழாயை இன்னும் அகலமாகத் திறந்தேன். குபீரென்று கொட்டியது. காலைத் தொடுவதற்கு முன்பே, குழாயின் வாயிலேயே சிவப்பு! ஆடு அறுத்த இடம் மாதிரி வாசல் நனைந்தது. மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார். அந்த வெள்ளை வேட்டி இடுப்பிலிருந்து கரை வரை ரத்தக்களரி.

"ஐயோ, ரத்தம்!" என்று அவருடைய அம்மா போட்ட சத்தத்தில் கடற்கரைக் காக்கையெல்லாம் எழும்பியது.

"ரத்தம் இல்லீங்க, ரத்தம் இல்லீங்க" என்று சொன்னேனே தவிர, அது என்ன என்று எனக்கே தெரியாது. "உள்ள வாங்க, நல்ல தண்ணி இருக்கு" என்று குளியலறைக்கு இழுத்துப்போனேன். அங்கேயும் சிவப்பு. தாய்மாமன் அடுப்படிக்கு ஓடினார். அங்கேயும் சிவப்பு. வீடு முழுக்க மங்கலம் போக வேண்டும் என்று நினைத்தேன் அல்லவா, ஒரு குழாயையும் விடாமல் போயிருந்தது. நான் சவுக்காரத்தை எடுத்து வேட்டியின் நுனியைத் தேய்த்தேன். அது இன்னும் அடர்த்தியாகச் சிவந்தது. கருஞ்சிவப்பு! எவ்வளவுக்கு எவ்வளவு தேய்த்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு சிவந்தது. பயத்திலும் ஒரு பிரமிப்பு இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். கையில் சவுக்காரத்தோடு வாய் பிளந்து நின்றேன்.

"கெட்ட சகுனம். டேய் தங்கவேலு, கெளம்பு" என்று அந்த அம்மா மகனை மறுபடி வாசலுக்கு இழுத்துவந்தார். கமலத்தின் வாழ்க்கையை நானே என் கையால் குழாய் போட்டு வடித்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது கமலம் வெளியே வந்தாள். கூப்பிடும்வரை பெண் வெளியே வரக்கூடாது. அதுவும் காப்பித் தட்டு இல்லாமல் வரவே கூடாது. அவள் வந்தாள். கையில் இரண்டாக அறுத்த எலுமிச்சம்பழம். குனிந்து குழாய்த் தண்ணீரை முகர்ந்தாள், விரலில் தொட்டுப் பார்த்தாள், என் சட்டையில் அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்தாள்.

"அண்ணே, பீப்பாயில மஞ்சளை ஊத்தினியா?"

"ஆமா. ஒரு குடம்."

அவள் மாப்பிள்ளையின் அம்மாவிடம் திரும்பினாள். "அத்தை, இது ரத்தமில்லை, ஆரத்தி. எங்க கிணத்துத் தண்ணிக்குப் பருப்பு வேகாது. அதுக்காக அண்ணன் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வச்சிருக்கு. அதுல போயி மஞ்சளைக் கரைச்சிருச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்காம என்ன பண்ணும்? நாம தட்டுல கரைப்போம். அண்ணன் பீப்பாயில கரைச்சிருக்கு."

பிறகு எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்து, "வேட்டியில புழி" என்றாள்.

பிழிந்தேன். சாறு பட்ட இடத்தில் ரத்தச் சிவப்பு கண்ணெதிரே விலகி, பளிச்சென்று மஞ்சள் பூத்தது. இன்னும் பிழிந்தேன். சிவப்பு ஓட ஓட மஞ்சள் விரட்டியது. வருஷக்கணக்காக ஆரத்தி கரைத்த அம்மாக்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தருக்கும் தோன்றாதது இவளுக்குத் தோன்றியிருக்கிறது. பருப்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த என் தங்கையா இது என்று மலைத்துப்போனேன். மாப்பிள்ளை வேட்டியைப் பார்க்கவில்லை. அவர் யாரைப் பார்த்தார் என்பதை அவருடைய அம்மாவும் பார்த்துவிட்டார்.

"பருப்பு வெந்திச்சா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

இலை போட்டோம். அவர் ஒரு துளி சாம்பாரை விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுக்க அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவ மட்டும் கிணற்றடிக்குத்தான் போனார்.

புறப்படும்போது தாய்மாமன் சம்பிரதாயப்படி, "ஊருக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று இழுத்தார். அந்தப் பதில் எங்களுக்குப் பழக்கமானதுதான். அம்மாவின் முகம் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா நின்றார். மகனை மேலிருந்து கீழே பார்த்தார். இடுப்பிலிருந்து கால் வரை கல்யாண மாப்பிள்ளை கட்டும் மஞ்சள் வேட்டி.

"என்னத்தக் கலந்துக்கிறது?" என்றார். "ஆரத்தி எடுத்தாச்சு. மஞ்ச வேட்டியும் கட்டிட்டான். இந்தக் கோலத்துல ரயில்ல வந்தா லாயாங் லாயாங் ஸ்டேஷன்ல இறங்குறதுக்குள்ள இவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சின்னு பேசிக்குவாங்க. இனிமே வேற எந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போறது? தேதியப் பாருங்க."

தை மாதத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கென்று புதிதாக ஒரு வேட்டியை மஞ்சளில் நனைக்கவில்லை, அதே வேட்டிதான். பீப்பாயில் சுண்ணாம்பு போடும் பொறுப்பை அன்றைக்கே கமலம் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது, இரண்டு விரல் நுனியைச் சேர்த்து அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தங்கவேலு மாப்பிள்ளை இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் குழாயடியில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மச்சான், மொதல்ல நீங்க கழுவுங்க" என்பார். இப்போது வருவது அரசாங்கத் தண்ணீர்தான் என்று எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை.

எங்கள் குடும்பத்தில் யாரும் 'சம்பந்தம் முடிந்ததா' என்று கேட்பதில்லை. போன மாதம் கமலத்தின் கடைசிப் பையன் சிங்கப்பூரில் பெண் பார்த்துவிட்டு வந்தான். முழுக்கால் சட்டையும் பூட்ஸுமாகப் படியேறியவனை, பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் கமலம் கேட்டாள்: "என்னடா, வேட்டி மஞ்சளாச்சா?"

அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். தங்கவேலு மாப்பிள்ளை எழுந்துபோய் எலுமிச்சம்பழம் தேட ஆரம்பித்தார்.