பிரிஜித்தை விரட்டிவிட்ட சாயங்காலம்

என் கோண்டிக் கண்ணுக்கு,

உன் பெண்டாட்டி நாப்லா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சோர்காவும் செவலைப் பசுவும் சுகம். கல்லறையில் இருப்பவனிடம் சுகம் கேட்கலாமா என்று தெரியவில்லை. கடிதம் என்றால் கேட்கவேண்டுமே, கேட்டுவிட்டேன்.

நேற்று புனித பிரிஜித் திருநாளுக்கு முந்தின சாயங்காலம். நீ இல்லாத முதல் வருஷம், பிரிஜித்துக்காகக் கோரைக்கட்டோடு வெளியே நின்று கதவைத் தட்ட ஆள் இல்லை. "வீட்டு ஆம்பள கூப்பிட்டாத்தான் அவ உள்ள வருவா, இந்த வருஷம் விட்டுடுடி" என்றாள் உன் அக்கா. மாடு கன்றைக் காக்கிறவளை எப்படி விடுவது? பசுவோ நிறைசினை, போன வருஷக் கன்று செத்துப் பிறந்து நீதான் புதைத்தாய், இந்தக் கன்றும் போனால் பாலுக்கு எங்கே போவேன், அதனால் நானே சதுப்பில் இறங்கிக் கத்தி படாமல் கையாலேயே கோரை பிடுங்கி, பிரிஜித் தொட்டுப் போகட்டும் என்று புதர்மேல் ஒரு துணியையும் போட்டுவிட்டு, கிழங்கை வெண்ணெய் விட்டு மசித்து மேசையில் வைத்து, உன் அக்காவை மேசையோரம் உட்காரவைத்து, வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். கட்டு அவிழ்ந்துவிட்டது, கட்டி முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு தட்டி, "மண்டி போடுங்க, கண்ணத் திறங்க, பிரிஜித்த உள்ள விடுங்க!" என்று நீ கத்துவதுபோலவே கத்தினேன்.

உன் அக்காவின் காது உனக்குத் தெரியாதா? அதற்குள் தூங்கிவேறு போயிருக்கிறாள். தகர வியாபாரி என்று நினைத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "ஒண்ணும் வேணாம்! எல்லாம் இருக்கு! போ, போ!" என்றாளே பார்க்கலாம். அந்தச் சாயங்காலம் வாசலில் சொல்லும் சொல் பிரிஜித்துக்கே சொன்ன சொல். பின்கதவு திறந்துதான் கிடந்தது, ஆனால் பிரிஜித்தைப் பின்கதவு வழியாகவா கூட்டிப்போவது? வீட்டை வலமாக ஒரு சுற்றுச் சுற்றிப் புதிதாக வந்ததுபோல் வரலாம் என்று ஓடி, சாணத்தில் வழுக்கி விழுந்து எழுந்தால், எதிரே பக்கத்து நிலத்து டின்னி.

"என்ன நாப்லா, உன் வீட்டுக்கே விருந்தாளியா வந்திருக்கியா?"

"நான் இல்லடா, பிரிஜித். சோர்கா உள்ள விடமாட்டேங்கறா."

"அதுக்கா இந்தப் பாடு? புனிதையாகறதுக்கு முன்னாடியே அவ இந்த மண்ணுல தெய்வமா இருந்தவன்னு எங்கப்பா சொல்லுவாரு. ஒரு செவிட்டுக் கிழவிக்குப் பயந்து போயிடுவாளா?"

"வாயளக்காம பின்பக்கமாப் போய் அவகிட்ட சொல்லு!"

போய் அவள் காதில் கத்தியிருக்கிறான். பதறிப்போய் உன் அக்கா மண்டி போட்டுவிட்டாள். போட்டவளால் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க முடியவில்லை. தூக்கப்போன டின்னிக்கு இடுப்புப் பிடித்து அவனும் மண்டி. நான் தட்டுகிறேன், உள்ளே இரண்டு பேரும் மண்டியிட்டபடியே, "வரட்டும், வரட்டும், ஆயிரம் தடவ வரட்டும்!" என்று அலறிக்கொண்டு கதவுவரை தவழ்ந்து வருகிறார்கள். இவ்வளவு பக்தியான வரவேற்பு இந்தப் பக்கத்தில் அவளுக்கு வேறெந்த வீட்டிலும் கிடைத்திருக்காது.

கோரையை மேசைக்கடியில் வைத்தோம், சாப்பிட்டோம், அதில் சிலுவை பின்னினோம். சாகக் கிடந்த ஒரு குலத்தலைவன் வீட்டுத் தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்து பிரிஜித் முதல் சிலுவை பின்னிய கதையை டின்னி தப்பும் தவறுமாகச் சொன்னான். இன்று விடிகிற நேரத்தில் செவலை கிடாரி ஈன்றது. எழுந்து நின்று முட்டிக் குடிக்கிறது. கோண்டி, என் நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. நீ இல்லாமலும் இந்த வீடு நடக்கும், கவலைப்படாதே.

பிரிஜித்தின் மேலங்கி உன்மேல் விரிந்து கிடக்கட்டும். உன் அக்கா தம்பிக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன்,
நாப்லா

பி.கு.: கட்டு அவிழ்ந்தது என்று மேலே எழுதியது பொய். கட்டு அவிழவே இல்லை. சும்மா நின்றேன், அழுதேன். நம் ஜன்னலை அந்த வேளையில் வெளியிலிருந்து நான் பார்த்ததே இல்லை. வருஷா வருஷம் நீ வெளியே போனால் உடனே தட்டமாட்டாய், கிழங்கு ஆறுது என்று நான் உள்ளேயிருந்து திட்டுவேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்பும் என் நாற்காலியும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவ்வளவு நேரம் நின்று எதைப் பார்த்தாய் நீ?