ஜந்துவின் நீளம் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அதில் முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் எழுதுகிறேன்: நீங்களும் என் மகளும் நலம்தானே? இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் சன்னலுக்குப் போகிறேன், சன்னலில் ஏரி தெரிகிறது, உடனே திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறேன். காரணம் உங்கள் மாமியார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள ஏரியில் ஒரு ஜந்து இருப்பதாகப் பழங்கதை உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு படகை முழுசாக விழுங்கிவிட்டுத் துடுப்பை மட்டும் துப்பியதாம். சாப்பிட மறுக்கும் குழந்தைகளுக்கு என்றே பிறந்த கதை. போன மாதம் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போன உங்கள் மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். "தண்ணிக்குள்ளேர்ந்து கறுப்பா எழும்பிச்சு, என்னையே பார்த்துச்சு, உள்ள போயிடுச்சு" என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். நான் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நீளம்?" இதில் என்ன தப்பு, மாப்பிள்ளை? ஓய்வு பெறும்வரை கடை கடையாக ஏறி இறங்கித் தராசுக்கும் அளவுகோலுக்கும் அரசாங்க முத்திரை குத்தியவன் வேறு என்ன கேட்பான்? என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் நடுங்கிப்போய் வந்து நிக்கிறேன், உங்களுக்கு நீளம் வேணுமா?" என்று படியிறங்கிப் போனவள்தான். அன்றிலிருந்து ஏரிக்கரை பெஞ்சுதான் அவளுக்கு வீடு.

விஷயம் பரவியதும், பார்த்தவர்கள் ஈசல் மாதிரி கிளம்பிவிட்டார்கள். பஸ் டிரைவர் பார்த்தாராம்: "ரெண்டு பஸ்ஸை ஒண்ணு பின்னால ஒண்ணா நிறுத்தின மாதிரி சார், டயர் மட்டும்தான் இல்ல." தையல்காரரும் பார்த்தாராம், அதற்குச் சட்டை தைத்தால் கடையில் இருக்கும் துணி காணாதாம், கைக்கு வேறு தனியாக வாங்க வேண்டுமாம். சலூன்காரர் நீளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, தலையில் ஒரு முடிகூட இல்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம். இவர்கள் எல்லோரும் சாயங்காலமானால் பிளாஸ்கில் டீயோடு பெஞ்சைச் சுற்றி வந்துவிடுகிறார்கள், நடுவில் உங்கள் மாமியார், வீட்டில் என்னிடம் "உப்பு போதுமா" என்பதற்கு மேல் பேசாதவள், அங்கே மூச்சுவிடாமல் பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள், இங்கே பால் பொங்கி அடுப்பை அணைக்கிறது, நான் போட்ட காப்பியை நானே குடித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஆளுக்கொரு அளவு! எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஆகவே, அடிக்கு ஒரு கோடாக வண்ணம் பூசிய இரண்டு கம்புகளைத் தண்ணீரில் நட்டுவைத்தால், அடுத்த முறை தலைகாட்டும்போது கையும் களவுமாக அளந்துவிடலாம் என்று விடியற்காலையில் படகெடுத்துப் போனேன். முதல் கம்பு ஒழுங்காக நின்றது. இரண்டாவதை ஊன்றி அழுத்தினேன். கம்பு அங்கேயே நின்றது, படகு மட்டும் போனது, நடுவில் நான். கம்பும் சாய்ந்தது, நானும் விழுந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். கரையில் போன பால்காரர் கேட்டுவிட்டு ஓடினார், என்னை நோக்கி அல்ல. மறுநாள் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்தது: "ஏரியில் இரண்டாவது ஜந்து! முப்பதடி நீளம், எருமைக் குரல்!" மாப்பிள்ளை, என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், அதுவும் செருப்போடு.

அன்று சாயங்காலம் நிருபர் பெஞ்சுக்கே வந்து, "அம்மா, நீங்க பார்த்ததும் இதுவும் ஒண்ணா?" என்று கேட்டார். நான் கூட்டத்துக்குப் பின்னால் மப்ளர் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தேன். உங்கள் மாமியார் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது வேற. இது சின்னது. சத்தம்தான் பெருசு, கடிக்காது" என்றாள். கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. அவள் என்னைக் காப்பாற்றினாளா, காலை வாரினாளா என்று இன்றுவரை புரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நிருபர் கேமராவோடும் ஒரு பேராசிரியரோடும் வரப்போகிறார். பேராசிரியர் முதலில் கேட்கப்போவது நீளத்தைத்தான். இவளிடம் பதில் இல்லை. படத்தைப் போட்டுச் சிரிப்பார்கள். என் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் கழித்தவள் ஊர் முன்னால் திருதிருவென்று விழிப்பதை என்னால் பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய உண்மை, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நானும் போய் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்றால் பெஞ்சில் இடமில்லை. நீங்கள் சனிக்கிழமையே வந்து, எங்கள் இருவரையும் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். மாப்பிள்ளை சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். ஏரியில் ஒன்றுமே இல்லை. முத்திரை குத்திச் சொல்கிறேன்.

நீங்களும் மகளும் எடை குறையாமல், அளவு தவறாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: ஒட்டிய தபால்தலையை வீணாக்க மனமில்லாமல் உறையின் பின்புறத்தில் எழுதுகிறேன். தபால்பெட்டிக்குப் போகும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. டீக் கூட்டம் கலைந்து, உங்கள் மாமியார் மட்டும் குடையோடு பெஞ்சில் இருந்தாள். "நனையாதீங்க, உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். காற்றே இல்லை, ஆனால் தண்ணீர் புடைத்தது. நான் நட்டு மிஞ்சிய கம்புக்குப் பக்கத்திலேயே கறுப்பாக எழும்பியது. கோட்டைப் படித்தால் போதும், அளவு கையில். உங்கள் மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், மாப்பிள்ளை. கம்பைப் பார்க்க மறந்தேவிட்டேன். அது போன பிறகு, "எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"பெருசு" என்றேன்.

"பெருசுன்னா?"

"ரொம்பப் பெருசு."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சொல்லத்தான் போகிறேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டிருந்தால் வாருங்கள், ஆனால் நிற்க வேண்டியிருக்கும். பெஞ்சில் இடமில்லை.