தீவு வேண்டாம் என்றது

டென்மார்க்காரர் எதையும் ஒரு தரம்தான் கேட்பார்கள். கோப்பி வேண்டுமா என்று கேட்டு, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால், குடுவையை மூடி வைத்துவிட்டு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இது விளங்க நெடுங்காலம் எடுக்கும். எங்கள் ஊரில் கேட்டவுடனே "ஓம், தாங்கோ" என்பவன் காணாததைக் கண்டவன். மரியாதை தெரிந்தவன் இரண்டு தரம் வேண்டாம் என்பான். மூன்றாம் தரம் "சரி, அரைக் கோப்பை காணும்" என்பான். முழுக் கோப்பை வரும்.

இந்த ஒழுங்கை அறியாத சபை ஒன்றில், ஒரு முழு நாட்டை என்னை நம்பி ஒப்படைத்தார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்குக்கு அகதியாக வந்து ஹொல்ஸ்டெப்ரோ நகரில் டேனிஷ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியை கிர்ஸ்டன் ஒரு நாள் புதுச் செய்தி கொண்டுவந்தார். பக்கத்து ஊர் ஹொய்ஸ்கோலவில் ஐ.நா. சபையை நடித்துக் காட்டப் போகிறார்களாம். எங்கள் வகுப்பும் போகலாமாம். (ஹொய்ஸ்கோல என்பது தங்கியிருந்து படிக்கும் பள்ளிக்கூடம். பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாவிட்டால் அது எப்படிப் பள்ளிக்கூடம் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.)

இரண்டு பேருக்கு ஒரு நாடு. சொந்த நாட்டைத் தந்தால் சபையில் உண்மையான சண்டை வரும் என்று கிர்ஸ்டன் பயந்தாரோ என்னவோ, எனக்கும் ஜெசிந்தாவுக்கும் இந்து சமுத்திரத்துச் சின்னத் தீவு ஒன்றைத் தந்தார். (பெயர் சொல்ல மாட்டேன். அந்த மக்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.)

ஜெசிந்தா மன்னார்க்காரி. மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே வகுப்புக்கு வந்தவர். சபையில் சிறப்பாகப் பங்கெடுக்கும் ஒருவருக்குக் குளிர்காலம் முழுவதும் அங்கே இலவசமாகத் தங்கிப் படிக்க இடம் தருவதாக அந்தப் பள்ளிக்கூட அதிபர் அறிவித்திருந்தார். அது ஜெசிந்தாவுக்கு வேண்டும்.

"அண்ணை, எனக்கு இந்த மீன் வெட்டுற வேலையிலையிருந்து வெளிய வரோணும். இதை விட்டா வேற வழியில்லை. தயவு செய்து ஒண்டையும் குழப்பிப் போடாதேங்கோ."

"நான் குழப்புறனோ? நான் எல்லாம் ஒழுங்காச் செய்யிற ஆள்."

பேச்சை எழுதியது அவர். தீவின் தலைவர் நான். காரணம், வகுப்பிலேயே என்னிடம்தான் டை இருந்தது. அன்றைய என் நாட்குறிப்பில் "டை நேராக இருந்தது" என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நேராக இருந்தது அது ஒன்றுதான்.

கடல் பாதுகாப்புக் குழுவில் சின்ன நாடுகளுக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பெரிய நாடுகள் விடவில்லை. வல்லரசாக நடித்த வாட்டசாட்டமான பெடியன் ஒருவன், சின்ன நாடுகளுக்குக் கப்பலே இல்லையே, பிறகு எதற்கு ஆசனம் என்று கேட்டான். ஜெசிந்தா எழுந்தார். "உங்கள் கப்பல் எண்ணெயைக் கொட்டினால் உங்களுக்கு ஒரு கரை கறுக்கும். எங்களுக்கு நாடே கறுக்கும்" என்றார். மண்டபம் கைதட்டியது. பெரிய நாடுகள் கூடிக் குசுகுசுத்துவிட்டு இறங்கி வந்தன.

சபைத் தலைவராக இருந்த அதிபர் மரச்சுத்தியலைக் கையில் எடுத்தார். "இந்த ஆசனத்தை உங்கள் தீவுக்கே தர விரும்புகிறோம். ஏற்றுக்கொள்கிறீர்களா?"

தீவின் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும். எழுந்தேன். டையைச் சரிபார்த்தேன். இவ்வளவு பெரிய மரியாதையைக் கேட்டவுடனே பறித்து வாங்குவதா? நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, "நை தக்" என்றேன். (டேனிஷில் 'வேண்டாம், நன்றி'. முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் நாய் வந்துவிடும் என்பதால் மிகக் கவனமாக உச்சரித்தேன்.)

பிறகு அவர் திரும்பக் கேட்பதற்காகப் புன்னகையுடன் காத்து நின்றேன்.

சுத்தியல் விழுந்தது. "தீவு வேண்டாம் என்கிறது. அடுத்த நாடு!"

அடுத்த நாடு, கடலையே கண்டிராத ஒரு மலைநாடு. அதன் பிரதிநிதியாக நடித்த உள்ளூர்ப் பன்றிப் பண்ணைக்காரர் ஒரு நொடியும் யோசிக்காமல் "யா, தக்" என்றார். ('ஓம், நன்றி'.)

"என்னண்ணை செய்தனீங்கள்?" ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார்.

"அவை திருப்பிக் கேப்பினம் எண்டு நினைச்சன்..."

"இதென்ன கலியாண வீடே, இன்னும் ரெண்டு வடை வையுங்கோ எண்டு கெஞ்ச? கடல் இல்லாதவனிட்டைக் கடலைக் குடுத்திட்டியள்!"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. குளிர்காலப் படிப்பு என் வாயால் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அவர் அழவில்லை. கையை உயர்த்தினார்.

"தலைவர் அவர்களே, இது மொழிபெயர்ப்புப் பிரச்சினை. எங்கள் தீவில் முதல் 'வேண்டாம்' வணக்கம். இரண்டாவது 'வேண்டாம்' நன்றி. மூன்றாம் தரம் கேட்டால்தான் பதில். எங்களை மூன்று தரம் கேட்காத சபை எங்களைக் கேட்கவே இல்லை."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பன்றிப் பண்ணைக்காரர் எழுந்து, கடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தனக்கும் யோசனையாகத்தான் இருந்தது என்று சொல்லி ஆசனத்தைத் திருப்பித் தந்தார். சின்ன நாடுகளை மூன்று தரம் கேட்க வேண்டும் என்ற புதிய விதி வாக்கெடுப்பில் வென்றது. வல்லரசுப் பெடியன் இரண்டு கையையும் தூக்கினான்.

அதிபர் எழுந்து நின்று கேட்டார். "நை தக்" என்றேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். மறுபடி கேட்டார். "நை தக்." மேசைகளைத் தட்டினார்கள். மூன்றாம் தரம் கேட்டார். மண்டபம் முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பதற்றத்தில், பழகிப்போன நாக்கு தானாகப் புரண்டது.

"நை த—"

ஜெசிந்தா தன் பனிச்சப்பாத்தால் என் காலை மிதித்தார்.

"யா!" என்று அலறினேன்.

சுத்தியல் விழுந்தது. இவ்வளவு ஆர்வத்தோடு எந்த நாடும் கடலை ஏற்றுக்கொண்டதில்லை என்று அதிபர் பாராட்டினார். குளிர்கால இடம் ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு நகம் கறுத்தது.

படிப்பு முடிந்து அவர் திரும்பிய அன்று பெட்டி தூக்கப் போயிருந்தேன். பஸ் தரிப்பில் நல்ல காற்று. பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வழக்கமான 'அண்ணை' அன்றைக்கு எங்கேயோ காணாமல் போயிருந்தது.

"உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்," என்றார். "ஆனா நான் இப்ப இந்த ஊர்ப் பழக்கம். ஒருதரம்தான் கேப்பன்."

"ஓம்," என்றேன்.

"நான் இன்னும் கேக்கேல்லை."

"ஓம்! ஓம்!"

அவர் சிரித்த சிரிப்பில் பஸ் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அது போய்விட்டது.

எங்கள் மகளும் மகனும் இதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் டேனிஷில் சொல்லிவிடுவார்கள். அம்மா அந்தக் கேள்வியை இன்றுவரை கேட்கவே இல்லையாம். அப்பா வெறும் பதிலை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாராம்.